கீழ்நோக்கிய முக்கோணம்

முக்கோணம் வர வேண்டிய இடத்தில் மூன்று காலிக் கட்டங்கள் நின்றன. சுப்புராயன் மாமா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இன்னா இலக்கியா இது, ஜன்னலு ஜன்னலா கீது?”

“இந்த லேப்டாப்ல புது ஃபான்ட் இன்னும் ஏறல மாமா. அஞ்சு நிமிஷம் குடுங்க.”

“நான் குடுப்பேன். அவங்க குடுக்கணுமே” என்று வெளியே கையைக் காட்டினார்.

வெளியே பாதையை மறித்த சங்கிலிக்கு முன்னால் அஜித்தின் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் கோத்திருந்த டிரெய்லரில் பதினோரு பேர். கரும்பு வெட்ட மலையிலிருந்து வந்தவர்கள். வாரம் முழுக்கக் கரும்புக் கொல்லையிலேயே தங்கி வெட்டிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் பாத்திரம் பண்டத்தோடு வீட்டுக்குக் கிளம்புவார்கள். அஜித் ஹாரனில் கையை வைத்தான். எடுக்கவில்லை.

எங்கள் கச்சிராயபாளையத்துப் பக்கத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் குறுக்கு வழியில் ஓடை ஒன்று வரும். அதன்மேல் ஒரு தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. நல்ல நாளில் அதன்மேல் நெல் காயப்போடுவார்கள், ஆடு படுத்துக் கிடக்கும். மலைமேல் மழை பிடித்துவிட்டால் கதையே வேறு. இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து அடித்துவிடும். போன வருஷம் ஒரு மினி வேனை அப்படித்தான் உருட்டிக்கொண்டு போனது. ஓட்டி வந்தவர் வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். அதற்கப்புறம்தான் கரும்பு விவசாயிகள் சங்கம் விழித்துக்கொண்டு, ஒரு தகரச் சாவடி போட்டு, பாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்டி, சுப்புராயன் மாமாவை அதற்குக் காவல் வைத்தது.

மேலே கரியாலூர்ப் பக்கம் ஓடையோரம் குடியிருக்கும் ஆண்டி என்பவர் தண்ணீரைப் பார்த்துச் சேதி அனுப்புவார். அவர் இருக்கும் இடத்தில் பேசுவதற்கு சிக்னல் கிடைக்காது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ வந்து சேரும். அங்கே கிளம்புகிற தண்ணீர் இங்கே வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம்தான் எங்கள் கையில் இருப்பது.

அந்தச் சேதியைத் திரையில் காட்டும் நிரல் என்னுடையது. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சங்கத்தில் கேட்டார்கள், செய்து கொடுத்தேன். கொஞ்சம் கர்வத்தோடுதான் செய்து கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மடிக்கணினி, அதில் ஒரு கறுப்புத் திரை, திரையின் அடியில் ஒரே ஒரு நிலை வரி. மணி, கடைசியாக வந்த மூன்று சேதி, சங்கிலி பூட்டா திறப்பா. அவ்வளவுதான்.

அந்தத் திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம். நிரல் எழுதுகிறவர்களுக்கு அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் சோறு இறங்காது. இங்கிலீஷ் அதில் சமர்த்தாக உட்காரும். தமிழ் உட்காராது. ‘எறங்குது’ என்று போட்டால் ‘ங்கு’ பக்கத்துக் கட்டத்தில் காலை நீட்டும். பின்னால் வரும் மணி அதன் தலைமேல் ஏறிக்கொள்ளும். சுப்புராயன் மாமா ஒரு நாள் மூன்றரையை எட்டரை என்று படித்துவிட்டு, ராத்திரிச் சேதி பகலிலேயே வந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பெங்களூரில் என்னோடு வேலை செய்கிறவர்களின் திரை அடிவரியைப் பார்த்திருக்கிறேன். கூரான அம்புத்தலைகள், சின்னப் பூட்டுப் படம், கிளை பிரிகிற கோடு என்று ஜோராக இருக்கும். எழுத்துருவுக்குள் யாருக்கும் ஒதுக்காத காலி இடங்கள் உண்டு. அங்கே நம் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் வரைந்து வைத்துக்கொள்ளலாம். நானும் வரைந்தேன். ‘ஏறுது’ என்றால் மேல்நோக்கிய முக்கோணம். ‘எறங்குது’ என்றால் கீழ்நோக்கிய முக்கோணம். ‘நிக்குது’ என்றால் ஒரு படுக்கைக் கோடு. ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம்.

மூன்று சொற்களையும் நான்தான் ஆண்டியின் பட்டன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஆவணி மாதம் சங்கத்துக்கு வந்திருந்தார். மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “இதுல ஒண்ண அழுத்துனா போதும்ங்க” என்றேன். அவர் மூன்றையும் மெதுவாகப் படித்துப் பார்த்தார்.

“தண்ணி எங்கனா ஏறுமாம்மா?” என்று கேட்டுச் சிரித்தார்.

தமாஷ் பண்ணுகிறார் என்று நானும் சிரித்துவிட்டு ஓடினேன். அதற்கப்புறம் மழையே இல்லை. ‘நிக்குது’, ‘நிக்குது’ என்றே இரண்டு மாதம் ஓடிப்போனது.

இன்றைக்குத்தான் முதல் மழை. மலை இருக்கும் பக்கம் சட்டி அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. சாவடியில் வெயில்.

பென் டிரைவைச் செருகி எழுத்துருவை ஏற்றினேன். கட்டங்கள் அசையவில்லை. சேதிகள் வந்து விழும் பட்டியலைத் தனியாகத் திறந்து பார்த்தேன். 2.41, எறங்குது. 2.52, எறங்குது. 3.03, எறங்குது. நிம்மதியாக இருந்தது. மேலே பெய்த மழை வடிகிறது போலிருக்கிறது.

“மாமா, நான் பாத்துட்டேன். சங்கிலிய அவுத்து வுடுங்க.”

“அதெல்லாம் ஆவாது. ஸ்க்ரீன்ல வந்தாதான் தொறப்பேன். நீதான சொன்ன?”

நான்தான் சொன்னேன். அவன் போன் பண்ணினான், இவன் சொன்னான் என்று ஆளாளுக்குச் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போட்டதால், வாய்வார்த்தைக்குத் திறக்கக் கூடாது, திரைக்குத்தான் திறக்க வேண்டும் என்று சங்கத்தில் நின்று வாதாடியவள் நான்.

டிரெய்லரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் சாக்கு சுற்றிய வெட்டுக்கத்தி. வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி, பெயர் பூமாலை. சாவடி வாசலில் நின்றுகொண்டு என் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

“யம்மா, மேல இன்னா சொல்றாங்க? என் போனு சார்ஜு இல்லாம காலைலயே அவிஞ்சிபோச்சு.”

“நல்லாதான் இருக்குங்க. போலாம். இது மட்டும் வந்துடட்டும்.”

“நல்லாதான்னா?”

“நல்லாதான்னா நல்லாதாங்க. கொஞ்சம் வேல செய்ய வுடுறீங்களா?”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் திரும்பவில்லை. போய்விட்டாள்.

திரையை மூடித் திறந்தேன். இப்போது முக்கோணம் வந்தது, ஆனால் வலது முனை வெட்டுப்பட்டு வந்தது. கட்டத்தின் அகலம் அறுநூறு புள்ளி. நான் அறுநூற்று நாற்பதுக்கு வரைந்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக் கணினி அதைப் பொறுத்துக்கொண்டது, இது பொறுக்கவில்லை.

மாமா குனிந்து பார்த்தார். “இது மேல பாக்குதா, கீழ பாக்குதா, இல்ல படுத்துக்கினு கீதா?”

“மாமா, கொஞ்சம் சும்மா இருங்க.”

அஜித் டிராக்டரிலிருந்தே கத்தினான். “இன்னாக்கா, கம்ப்யூட்டருக்கு வெத்தல பாக்கு வெச்சாதான் வேல செய்யுமா? இருட்டறதுக்குள்ள இவங்கள மேல ஏத்தணும்!”

டிரெய்லரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. அப்போதே விட்டிருந்தால்கூட அவர்கள் ஈரம் படாமல் அக்கரை போய்ச் சேர்ந்திருப்பார்கள். நான் விடவில்லை. எழுத்துருக் கோப்பைத் திறந்து, முக்கோணத்தின் மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து, அகலத்தை அறுநூறுக்கு அடக்கி, மறுபடி கட்டி, மறுபடி ஏற்றினேன். விரல் வேர்வையில் வழுக்கியது. இரண்டு தடவை தப்பான கோப்பைச் சேமித்தேன். மணி 3.21.

வந்தது. மூன்று முக்கோணங்களும் மொழுமொழுவென்று, ஒன்றையொன்று தொடாமல், கட்டத்தில் அச்சடித்த மாதிரி வந்து நின்றன. மூன்றும் கீழ்நோக்கி. மணி தன் இடத்தில், பூட்டுப் படம் தன் இடத்தில். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நானே கைதட்டிக்கொண்டேன்.

“இப்ப பாருங்க மாமா. குழந்தகூட படிக்கும்.”

“எறங்குது” என்று படித்தார் அவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எழுந்து போய்ச் சங்கிலியை அவிழ்த்தார். டிராக்டர் கியர் விழுந்து, சரிவில் இறங்கி, பாலத்துக்குத் திரும்பியது. அதன் சத்தத்தில் மாமா படித்தது யாருக்கும் கேட்டிருக்காது.

நான் பென் டிரைவைப் பிடுங்கப் போனேன். அடிவரி ஒரு கட்டம் நகர்ந்தது. புதிதாக ஒரு முக்கோணம். பட்டியலைப் பார்த்தேன். 3.11, 3.18, 3.24. நான் முனை வெட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு, இப்போது ஒன்று. எல்லாம் எறங்குது.

ஆறு தடவை. வடிகிற தண்ணீரை ஒரு மனுஷன் ஆறு தடவை எதற்குச் சொல்கிறான்? வடிந்துவிட்டால் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய் வேலையைப் பார்ப்பான்.

தண்ணி எங்கனா ஏறுமாம்மா என்று அவர் கேட்டது தமாஷ் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கீழே நிற்கிறவர்கள். எங்கள் கண்ணுக்குத் தண்ணீர் பாலத்தின்மேல் ஏறும், இறங்கும். அவர் மலைமேல் நிற்கிறார். அவர் காலடியில் தண்ணீர் என்றைக்கும் ஏறாது. அது பெருகினால் கீழே இறங்கும், எங்களை நோக்கி.

வாசலுக்குப் பாய்ந்தேன். “மாமா! கட்டுங்க! சங்கிலியக் கட்டுங்க! தண்ணி வருது!”

“எறங்குதுன்னு போட்டுக்கினு கீதே?”

“நம்மாண்ட எறங்கி வருது மாமா!”

அவர் முகம் செத்துப்போனது. கழுத்தில் தொங்கிய விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன், செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. டிராக்டர் பாதிப் பாலத்தில் இருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு, “அஜித்! அஜித்!” என்று கத்தினேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் பேய் பிடித்த மாதிரி ஆடுவதைப் பார்த்துவிட்டு, என்ன சொல்கிறோம் என்று கேட்பதற்காக வண்டியை நிறுத்தினான்.

நட்டநடுப் பாலத்தில் நிறுத்தினான். இன்ஜினை வேறு அணைத்தான்.

அந்த அமைதியில் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. தூரத்தில் லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம். கொட்டி முடியாமல் கொட்டிக்கொண்டே இருந்தது.

“போ! நிக்காத, போ!” இப்போது நான் கையை முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டினேன். தொண்டை கிழிந்தது. டிரெய்லரில் பூமாலை எழுந்து நின்று ஓடையின் மேல்பக்கம் பார்த்தாள். அவள் அஜித்தின் முதுகில் ஓங்கிக் குத்தியதை நான் பார்த்தேன். இன்ஜின் இருமியது. பிடிக்கவில்லை. மறுபடி இருமிப் பிடித்தது.

திருப்பத்தில் முதலில் நுரைதான் வந்தது. பழுப்பு நுரை, அதில் சருகும் மூங்கில் துண்டுகளும். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி பாலத்தின் மேல் வழிந்தது, கணுக்கால் அளவு. அடுத்த மூச்சில் டிரெய்லரின் சக்கரம் பாதி தெரியவில்லை. டிராக்டர் ஊர்ந்தது. அதன் முன்சக்கரம் அக்கரைச் சரிவைத் தொட்டது. பெரிய சக்கரமும் ஏறியது. பின்னால் டிரெய்லர் மாடு வாலை வீசுகிற மாதிரி ஒரு வீசு வீசி, இடது சக்கரம் பாலத்தின் விளிம்பைவிட்டு இறங்கியது.

டிராக்டரின் மூக்கு தூக்கிக்கொண்டது. அஜித் பிரேக்கின்மேல் ஏறி நின்றான்.

பூமாலை டிரெய்லரின் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தள்ளினாள். டிரெய்லருக்கும் டிராக்டருக்கும் நடுவில் ஒரே ஒரு இரும்புக் கம்பிதான். அதன்மேல் ஒரு கால் வைத்து, மட்கார்டைப் பிடித்து, சரிவில் குதிக்க வேண்டும். ஒருத்தர், இரண்டு பேர். ஒரு பெண் பாத்திர மூட்டையை விடமாட்டேன் என்றாள். பூமாலை அதைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு. ஆறுக்கு அப்புறம் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பக்கத்தில் மாமா, “அய்யோ ஆத்தா, அய்யோ ஆத்தா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசி ஆள் குதித்ததும் அஜித் பிரேக்கைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் பாய்ந்து, கையில் கிடைத்த கல்லால் டிரெய்லரைக் கோத்திருந்த இணைப்பு ஊசியை அடித்தான். மூன்றாவது அடியில் கழன்றது. டிரெய்லர் மெதுவாகப் புரண்டு, அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க, எங்கள் கண்ணெதிரே போனது. அரிசிப் பையும் போர்வையும் பிளாஸ்டிக் குடமும் அதன் பின்னாலேயே போயின.

அக்கரைச் சரிவில் ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். நடுவில் தண்ணீர், கத்தினால் கேட்காது. அஜித்தைச் சேர்க்காமல் நான் எண்ணினால் பத்துதான் வந்தது. திரும்ப எண்ணினேன். பத்து. கல்லில் உட்கார்ந்தேன். செத்தவர் யாராயிருந்தாலும் நான்தான் கொன்றேன் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாமாவின் போன் அடித்தது. அஜித்தின் நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

“பதினோரு பேரும் ஏறிட்டோம்” என்றது பூமாலையின் குரல். மூச்சு வாங்கியது. “ஒருத்திக்கு கால்ல அடி. டிராக்டருக்கு அந்தாண்ட படுக்க வெச்சிருக்கு.”

மாமா அப்படியே தரையில் குந்திவிட்டார். எனக்கு அழுகை முட்டியது.

“யாருய்யா தொறக்க சொன்னது?”

மாமா என்னைப் பார்க்காமல் பேசினார். என்னைக் காப்பாற்றுகிறாராம். “மலை ஆளு சேதி அனுப்பனாம்மா. அதப் பாத்துதான் தொறந்தேன். அவன்தான் தப்பா...”

“இன்னான்னு அனுப்பனாரு?”

“எறங்குதுன்னு.”

போனில் தண்ணீர்ச் சத்தம் இரைந்தது. எதிரிலும் அதே சத்தம்.

“எறங்குதுன்னு சேதி வந்தப்புறமா தொறந்த?” அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “எறங்குதுன்னா மேலேர்ந்து எறங்கி வர்துன்னு அர்த்தம்யா. எங்கூர்ல சின்னப் புள்ளைய கேட்டாகூட சொல்லும். நான் வந்து நின்னு கேட்டேனே அந்தப் பொண்ணாண்ட, மேல இன்னா சொல்றாங்கன்னு. அந்த ஒரு வார்த்தைய வாயால சொல்லியிருந்தா நாங்க வண்டிய எடுக்கவே வுட்டிருக்கமாட்டோமே.”

நான் போனை வாங்கினேன். “நான்தாங்க அது. அவரு சரியாதான் சொன்னாரு. நான்தான் அத தப்பா படம் போட்டு வெச்சேன். மாமா மேலயும் தப்பில்ல, அவரு மேலயும் தப்பில்ல. எல்லாம் என்னுது.”

“அவரு எங்க வூட்டுக்காரரு” என்றாள் பூமாலை. “சனிக்கெழம இந்த நேரத்துக்கு நான் பாலத்தாண்ட வருவேன்னு அவருக்குத் தெரியும். என் போனும் அவிஞ்சி கெடக்கு. இன்னா பாடுபட்டுக்கினு இருக்காரோ. முதல்ல அவருக்கு சேதி அனுப்பு. அப்பறம் மீதிய பேசிக்கலாம்.”

வைத்துவிட்டாள். நான் சாவடிக்கு ஓடினேன். நிரலில் மேலிருந்து கீழே சேதி வரத்தான் வழி வைத்திருந்தேன். கீழிருந்து ஒரு வார்த்தை மேலே போக வழி வைக்கவில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் சொந்தப் போனை எடுத்து அவர் நம்பரைத் தேடித் தட்டினேன். ‘பூமாலை அக்கா கரை ஏறிட்டாங்க. பதினோரு பேரும் ஏறிட்டாங்க.’ நாலு தடவை அழித்து எழுதினேன். அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வரவில்லை. மறுபடி அனுப்பினேன்.

வெளியே மாமா சங்கிலியைப் பூட்டும் சத்தம் கேட்டது. நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடிவரி நகர்ந்தது. துளி பிசகாமல், தன் கட்டத்துக்குள், இன்னொரு கீழ்நோக்கிய முக்கோணம் வந்து நின்றது.